கம்ப்யூட்டர் சொல்லும் 31 நிமிடம் யாருக்கு?

வீட்டுக்குப் புதிதாகக் கம்ப்யூட்டர் வந்து, இன்டர்நெட் இணைப்பும் கிடைத்துவிட்டால் பலரும் முதலில் செய்து பார்க்கும் வேலைகளில் ஒன்று, இரண்டு ஊர்ப் பெயர்களை டைப் செய்து இடையில் எவ்வளவு தூரம் என்று கேட்பது. அதில் விமான நிலையங்களுக்கு இடையேயான தூரத்தைச் சொல்லும் தளங்களுக்குத் தனி மவுசு. சென்னை, மதுரை என்று கொடுத்து என்டர் தட்டினால் போதும். கண் இமைக்கும் நேரத்தில் 418 கி.மீ. என்று விடை வந்து நிற்கும். கீழேயே பயண நேரமும் இருக்கும். சில தளங்கள் 31 நிமிடம் என்கின்றன. சில தளங்கள் ஒரு மணி என்கின்றன.

விளையாட்டாகப் பார்ப்பதில் தவறே இல்லை. ஆனால் அந்த நிமிடக் கணக்கை நம்பி டிக்கெட் எடுப்பவர்களும், ஊருக்குப் போன் போட்டு "இதோ வந்துவிடுகிறேன்" என்று சொல்பவர்களும் இருக்கிறார்கள். அவர்களுக்காகத்தான் இந்தக் கட்டுரை. அந்தத் தளங்கள் காட்டும் தூரம் சரியானது. பயண நேரம் என்ற பெயரில் காட்டுவது உங்களுடைய பயண நேரமே அல்ல என்பதுதான் என் கருத்து. ஏன் என்று பார்ப்போம்.

கணக்கு எப்படி வருகிறது?

இந்தத் தளங்களில் ஒவ்வொரு விமான நிலையத்துக்கும் இரண்டு எண்கள் சேமிக்கப்பட்டுள்ளன. ஒன்று அட்சரேகை, மற்றது தீர்க்கரேகை. சென்னை விமான நிலையத்துக்கு 12.99, 80.17. மதுரைக்கு 9.83, 78.09. இந்த நான்கு எண்களைக் கொண்டு பூமியின் மேல் ஒரு நூலை இழுத்துக் கட்டினால் எவ்வளவு நீளம் வருமோ, அதைத்தான் தூரம் என்று காட்டுகிறார்கள்.

இதை நீங்களே விண்டோஸ் கால்குலேட்டரில் போட்டுப் பார்க்கலாம். அட்சரேகைகளின் வித்தியாசம் 3.16. அதை 111 ஆல் பெருக்குங்கள். சுமார் 351 வரும். தீர்க்கரேகைகளின் வித்தியாசம் 2.08. தமிழ்நாட்டுப் பகுதிக்கு அதை 109 ஆல் பெருக்கினால் போதும். சுமார் 227 வரும். இரண்டையும் தனித்தனியே வர்க்கம் செய்து, கூட்டி, வர்க்கமூலம் எடுங்கள். பள்ளியில் படித்த பித்தகோரஸ் தேற்றம்தான். விடை 418 கி.மீ. தளம் சொன்ன அதே எண்! அதிகத் தூரங்களுக்கு, உதாரணமாகச் சென்னையிலிருந்து லண்டனுக்கு, பூமி உருண்டை என்பதைக் கணக்கில் எடுக்கும் பெரிய சூத்திரம் வேண்டும். பக்கத்து ஊர்களுக்கு இதுவே தாராளம்.

எந்த இடத்தின் எண்களையும் தெரிந்துகொள்ள, கூகுள் மேப்ஸில் அந்த இடத்தின் மேல் மவுஸின் வலது பட்டனைக் கிளிக் செய்யுங்கள். திறக்கும் மெனுவில் முதல் வரியில் இரண்டு எண்களும் இருக்கும்.

நேரம் எப்படி வருகிறது?

தூரத்தை ஒரு வேகத்தால் வகுக்கிறார்கள், அவ்வளவுதான். மணிக்கு 800 கி.மீ. என்று வைத்து 418 ஐ வகுத்தால் 31 நிமிடம். அதோடு ஏறவும் இறங்கவும் என்று அரை மணியைச் சேர்த்துக்கொள்ளும் தளங்கள் ஒரு மணி என்று காட்டும்.

இதில் முதல் கோளாறு, எல்லா விமானங்களும் ஒரே வேகத்தில் பறப்பதில்லை. ஏர்பஸ் 320 போன்ற ஜெட் விமானம் உயரத்துக்குப் போன பின் மணிக்கு 800 கி.மீ.க்கு மேல் போகும். காற்றாடி வைத்த ஏடிஆர் 72 விமானம் சுமார் 500 கி.மீ. வேகத்தில் போகும். நம் மாநிலத்துக்குள் இரண்டு வகையும் ஓடுகின்றன. இரண்டாவது, விமானம் நூல் பிடித்தாற்போல் போவதில்லை. ஓடுபாதை எந்தத் திசையில் இருக்கிறதோ அந்தத் திசையில்தான் கிளம்ப வேண்டும். பிறகுதான் திரும்ப முடியும். இறங்கும்போதும் அப்படியே. முன்னால் வேறு விமானம் இருந்தால் வட்டமடிக்கவும் வேண்டும்.

விமான நிறுவனத்தின் கால அட்டவணையில் பார்த்தால் சென்னை - மதுரை சுமார் ஒன்றேகால் மணி என்றிருக்கும். விமானம் நின்ற இடத்திலிருந்து நகரத் தொடங்குவது முதல், அடுத்த ஊரில் வந்து நிற்பது வரை அட்டவணையில் சேர்த்தி. ஆகவே பறக்கும் நேரம் வேண்டும் என்றால் தூரம் சொல்லும் தளத்தைப் பார்க்காதீர்கள். கால அட்டவணையைப் பாருங்கள். இது முதல் பாடம்.

தலைக்கு மேல் போகும் விமானம்

அடுத்ததுதான் முக்கியமானது. சென்னைக்கும் மதுரைக்கும் இடையே அந்த நூலைக் கட்டினால் அது எந்த ஊர்களின் மேல் போகும் என்று வரைபடத்தில் பார்த்திருக்கிறீர்களா? ஏறக்குறைய கால் பங்கு தூரம் வந்ததும் சரியாகத் திண்டிவனத்தின் மேல் போகிறது. திண்டிவனத்தின் எண்கள் 12.23, 79.65. சந்தேகம் இருந்தால் கால்குலேட்டரை மறுபடி திறங்கள்.

திண்டிவனத்துக்குப் பக்கத்தில் இருக்கிறது ஓமந்தூர். 1947 முதல் 1949 வரை சென்னை மாகாணத்தின் பிரதமராக இருந்த ராமசாமி ரெட்டியாரின் ஊர். அங்கே வீட்டில் கம்ப்யூட்டர் வைத்திருக்கும் ஒருவர் மதுரைக்குப் போக வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். தளத்தில் 31 நிமிடம் என்று பார்த்துவிட்டு விமானத்தில் போக நினைக்கிறார். அவர் செய்ய வேண்டியது என்ன? மதுரை தெற்கே இருக்க, முதலில் வடக்கே 100 கி.மீ.க்கு மேல் பயணம் செய்து மீனம்பாக்கம் போக வேண்டும். அங்கே ஏறினால், அந்த நேர்கோட்டுக் கணக்குப்படி விமானம் அவரைத் திரும்பத் திண்டிவனத்தின் மேலாகவே கொண்டுபோகும்! காலையில் விட்டுவந்த ஊரை மதியம் ஆகாயத்திலிருந்து பார்க்கலாம்.

அவருடைய உண்மையான கணக்கை நிமிடங்களில் எழுதுவோம். இவை தோராயமான எண்கள்தான். உங்கள் ஊர் நிலவரப்படி மாற்றிக்கொள்ளுங்கள்.

விமானத்தில் போனால்:
வீட்டிலிருந்து திண்டிவனம், பஸ்ஸுக்குக் காத்திருப்பது உட்பட: 45
திண்டிவனத்திலிருந்து மீனம்பாக்கம்: 165
விமான நிலையத்தில் முன்கூட்டியே போய்க் காத்திருப்பது: 120
அட்டவணைப்படி விமானம்: 75
பெட்டியை வாங்கிக்கொண்டு வெளியே வர: 25
விமான நிலையத்திலிருந்து மதுரை நகருக்குள்: 35
மொத்தம்: 465 நிமிடம். அதாவது ஏழே முக்கால் மணி.

ரயிலில் போனால்:
வீட்டிலிருந்து திண்டிவனம்: 45
திண்டிவனத்திலிருந்து விழுப்புரம்: 60
ஸ்டேஷனில் காத்திருப்பு: 30
வைகை போன்ற பகல் நேர எக்ஸ்பிரஸில் மதுரை வரை: 300
ஸ்டேஷனிலிருந்து நகருக்குள்: 10
மொத்தம்: 445 நிமிடம்.

விமானத்தை விட ரயில் 20 நிமிடம் முந்துகிறது! 2024 ஆகஸ்ட் 31 இல் தொடங்கிய சென்னை எழும்பூர் - நாகர்கோவில் வந்தே பாரத் ரயில் விழுப்புரத்தில் நின்று போகும். விடியும் முன்பே வீட்டை விட்டுக் கிளம்பி அதைப் பிடிக்க முடிந்தால் இன்னும் ஒரு மணி நேரம் குறையும். கட்டண வித்தியாசத்தைச் சொல்லவே வேண்டாம்.

திண்டிவனத்திலிருந்து மீனம்பாக்கத்துக்கு ஏன் 165 நிமிடம் என்று கேட்கலாம். 2023 டிசம்பர் 30 இல் கிளாம்பாக்கம் பஸ் நிலையம் திறக்கப்பட்டது. அதன் பிறகு தென் மாவட்ட பஸ்கள் அங்கேயே நின்றுவிடுகின்றன. அங்கே இறங்கி, மாநகர பஸ்ஸோ மின்சார ரயிலோ பிடித்துத்தான் விமான நிலையம் போக வேண்டும். இந்த மாற்றம் எந்தத் தூரக் கணக்குத் தளத்துக்கும் தெரியாது. அதற்குத் தெரிந்ததெல்லாம் நான்கு எண்கள்.

இப்போது அதே கணக்கைக் கிண்டியில் இருப்பவருக்குப் போடுங்கள். முதல் இரண்டு வரிகளுக்குப் பதில் 30 நிமிடம். மொத்தம் 285, அதாவது நாலே முக்கால் மணி. வேகமான ரயிலோடு ஒப்பிட்டாலும் அவருக்கு ஏறக்குறைய இரண்டு மணி நேரம் மிச்சம். விமான நிலையங்கள் அதே இரண்டு; தூரமும் அதே 418. ஆனால் ஒருவருக்கு லாபம், மற்றவருக்கு நஷ்டம். இரண்டு விமான நிலையங்களுக்கு இடையே உள்ள தூரம் விமானத்துக்குச் சொந்தமானது. பயணிக்குச் சொந்தமான தூரம் அவர் வீட்டு வாசலில் தொடங்குகிறது.

அவசரத்தில்தான் ஆபத்து

"உல்லாசப் பயணத்துக்கு இரண்டு மணி கூடக் குறைய ஆனால் என்ன?" என்று கேட்கலாம். நியாயம்தான். ஆனால் நம் வீடுகளில் விமானத்தை நினைப்பது பெரும்பாலும் அவசரத்தில். காலை 6 மணிக்குப் போன் வருகிறது. மதுரையில் நெருங்கிய உறவினர் ஒருவர் இறந்துவிட்டார். மாலைக்குள் எடுத்துவிடுவார்கள். முகம் பார்க்க வேண்டும். பதறிய மனதோடு கம்ப்யூட்டரைத் திறந்தால் திரையில் ஒரு மணி என்று தெரிகிறது. கடைசி நேர டிக்கெட் விலை எவ்வளவு இருந்தாலும் எடுத்துவிடத் தோன்றும்.

6.30 மணிக்கு ஓமந்தூரில் கிளம்பினால் மீனம்பாக்கம் போய்ச் சேர 10 மணி. சரியாக 12 மணிக்கு ஒரு விமானம் இருந்தால் மதுரை நகருக்குள் 2.15. அந்த நேரத்துக்கு விமானம் இல்லாமல் 3 மணிக்குத்தான் என்றால் 5.15. அதற்குள் காரியம் முடிந்திருக்கலாம். அதே 6.30 மணிக்குக் கிளம்பி, திண்டிவனத்தில் தெற்கே போகும் பஸ்ஸில் 7.30 மணிக்கு ஏறியவர், ஆறரை மணி நேரப் பயணத்தில் பிற்பகல் 2 மணிக்கு மாட்டுத்தாவணியில் இறங்கியிருப்பார். பஸ்ஸுக்கு செக்-இன் கிடையாது. ஒன்று போனால் அடுத்தது வரும். உள்நாட்டு விமானத்துக்கோ செக்-இன் கவுன்டரைப் பல நிறுவனங்கள் புறப்பாட்டுக்கு 60 நிமிடம் முன்பே மூடிவிடுகின்றன. கிளாம்பாக்கத்தில் அரை மணி சிக்கிக்கொண்டால் டிக்கெட்டும் போச்சு, பணமும் போச்சு. திரையில் வந்த ஓர் எண்ணை நம்பியதற்கு இவ்வளவு விலை!

வேறு சில பொறிகள்

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்கள் கவனிக்க வேண்டிய இன்னும் மூன்று விஷயங்கள் உள்ளன.

முதலாவது, மூன்றெழுத்துக் குறியீடு. ரயில் டிக்கெட் எடுத்துப் பழகியவர்களுக்குச் சென்னை சென்ட்ரல் என்றால் எம்ஏஎஸ், மதுரை என்றால் எம்டியூ என்று கை தானாக டைப் செய்யும். ஆனால் விமான நிலையக் குறியீடுகள் வேறு. சென்னைக்கு எம்ஏஏ, மதுரைக்கு ஐஎக்ஸ்எம். ரயில் குறியீடுகளை விமானத் தளத்தில் கொடுத்தால் என்ன ஆகும்? எம்ஏஎஸ் என்பது மானுஸ் தீவின் மோமோட் விமான நிலையம். எம்டியூ என்பது மெண்டி. இரண்டுமே பப்புவா நியூ கினி நாட்டில் இருக்கின்றன! இடையே சுமார் 600 கி.மீ. "சென்னையிலிருந்து மதுரைக்கு அவ்வளவு இருக்குமோ?" என்று நம்பும்படியான எண் வேறு. விடையைப் பார்க்கும் முன், பக்கத்தில் ஊர்ப் பெயரும் நாட்டின் பெயரும் என்ன வருகிறது என்று பாருங்கள்.

இரண்டாவது, பக்கத்து விமான நிலையம். ஓமந்தூருக்கு அருகில் எது என்று கேட்டால் கம்ப்யூட்டர் புதுச்சேரி, லாஸ்பேட்டை என்று சொல்லும். தூரத்தில் அது சரி. அங்கிருந்து மதுரைக்கு 303 கி.மீ. என்றும் உடனே கணக்குப் போட்டுத் தரும். ஆனால் அங்கே விமானம் இருக்கிறதா என்று அது பார்ப்பதே இல்லை. புதுச்சேரி ஓடுபாதையின் நீளம் சுமார் 1,500 மீட்டர். ஏடிஆர் போன்ற சிறிய விமானங்கள்தான் இறங்க முடியும். 2017 இல் ஸ்பைஸ்ஜெட் ஐதராபாத்துக்குச் சேவையைத் தொடங்கியது. 2024 மார்ச்சில் அது நின்றது. அதே ஆண்டு டிசம்பரில் இண்டிகோ ஐதராபாத்துக்கும் பெங்களூருக்கும் விமானம் விட்டது. மதுரைக்கு அல்ல. இரண்டு ஊர்களுக்கு இடையே தூரம் எப்போதும் இருக்கும். விமானம் எப்போதும் இருக்காது.

மூன்றாவது, வெளிநாட்டு நேரம். டிக்கெட்டில் புறப்படும் நேரம் புறப்படும் ஊரின் நேரப்படியும், சேரும் நேரம் சேரும் ஊரின் நேரப்படியும் அச்சாகியிருக்கும். இரவு 11 மணிக்குச் சென்னையில் ஏறி, காலை 6 மணிக்குச் சிங்கப்பூர் என்றிருந்தால் ஏழு மணி நேரப் பயணம் என்று எண்ண வேண்டாம். சிங்கப்பூர் நம்மை விட இரண்டரை மணி முன்னால் இருக்கிறது. பயணம் நாலரை மணிதான்.

அப்படியானால் விமானமே வேண்டாமா?

அப்படிச் சொல்லவில்லை. திருச்சிக்கும் யாழ்ப்பாணத்துக்கும் இடையே நேர்கோட்டுத் தூரம் வெறும் 184 கி.மீ. மதுரைக்குப் போவதில் பாதி கூட இல்லை. ஆனால் நடுவே கடல். 2025 மார்ச்சில் இண்டிகோ அங்கே நேரடி விமானம் தொடங்கியபோது, திருச்சிக்காரர்கள் கொழும்பையோ சென்னையையோ சுற்றிக்கொண்டு போக வேண்டிய அவசியம் போயிற்று. அந்தக் குறைந்த தூரத்துக்கு விமானம் பெரிய உதவி. டெல்லிக்குப் போவதென்றாலும் கேள்வியே இல்லை. ரயிலில் ஒரு பகலும் இரண்டு இரவும் போகிற இடத்துக்கு விமானத்தில் மூன்று மணிக்குள் போகலாம். எனவே விமானம் நல்லதா கெட்டதா என்பது தூரத்தில் இல்லை. தரையில் எவ்வளவு நேரம் போகிறது, வேறு வழி என்ன இருக்கிறது என்பதில் இருக்கிறது.

ஓமந்தூர்க்காரரின் கணக்கில் விமானத்தில் உட்காரும் 75 நிமிடத்தைக் கழித்தால் மீதி 390. அதாவது எந்த ஊருக்குப் போனாலும் ஆறரை மணி நேரம் தரையிலேயே செலவாகும். இது அவருடைய நிரந்தரச் செலவு. என் யோசனை இதுதான்: ரயிலோ பஸ்ஸோ வாசலிலிருந்து வாசலுக்குப் பத்து மணிக்கு மேல் எடுத்தால் மட்டும் அவர் விமான டிக்கெட் விலையைப் பார்க்கலாம்.

உங்களுக்கென்று ஓர் அட்டவணை

உங்கள் வீட்டு எண்ணைக் கண்டுபிடிப்பது சுலபம். எக்ஸெல் அல்லது இலவசமாகக் கிடைக்கும் லிப்ரே ஆபீஸ் கால்க் புரோகிராமைத் திறந்து, முதல் காலத்தில் மேலே சொன்ன ஆறு வரிகளை டைப் செய்யுங்கள். இரண்டாவது காலத்தில் நிமிடங்களைக் கொடுங்கள். கீழே உள்ள கட்டத்தில் கர்சரை வைத்து ஆட்டோசம் பட்டனைக் கிளிக் செய்தால் மொத்தம் வந்துவிடும். அதை 60 ஆல் வகுத்தால் மணிக் கணக்கு. நேரத்தை மணி, நிமிடம் என்று புள்ளி வைத்து எழுத வேண்டாம். இரண்டு மணி முப்பது நிமிடத்தை 2.30 என்று எழுதினால் கம்ப்யூட்டர் அதை இரண்டரை என்று எடுக்காது. எல்லாவற்றையும் நிமிடமாகவே எழுதுவது நல்லது.

பக்கத்துக் காலங்களில் ரயிலுக்கும் பஸ்ஸுக்கும் இதே போல எழுதி, ஃபைலுக்குப் "பயணம்" என்று பெயர் கொடுத்து சேமித்து வையுங்கள். நிதானமாக இருக்கும் ஒரு நாளில் செய்யுங்கள். போன் வரும் காலை 6 மணிக்கு யாருக்கும் கணக்கு வராது. அப்போது அந்த ஃபைலைத் திறந்தால் போதும்.

தளங்களை நடத்துபவர்களுக்கும் ஒன்று சொல்லத் தோன்றுகிறது. "பயண நேரம்" என்று எழுதுவதற்குப் பதில் "மணிக்கு 800 கி.மீ. வேகத்தில் நேர்கோட்டில் பறந்தால்" என்று எழுதினால் ஒரு வரிதான் கூடும். அந்த ஒரு வரி பலரைக் காப்பாற்றும். அவர்கள் அதை எழுதும் வரை, திரையில் ஒரு விடை வந்ததும் இது எந்த எண்ணை எதனால் வகுத்து வந்தது என்று ஒரு முறை கேட்டுவிடுங்கள். கம்ப்யூட்டர் கொடுத்த எண்ணுக்குத்தான் விடை சொல்லும். உங்கள் வீடு எங்கே இருக்கிறது என்று நீங்கள்தான் அதற்குச் சொல்ல வேண்டும்.